சிக்கனத்தின் மொழிபெயர்ப்பாளர்

…சோம்பேறிகள் என்று அப்படியே சொல்லிவிட முடியுமா, அதுவும் மருதமுனையில், விடியல் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தறிக் குழிக்குள் விட்ட கால்களை அந்தி மஃரிபுக்குத்தான் வெளியே எடுக்கிற மனிதர்களின் முகத்தைப் பார்த்து… காரியதரிசி துரை சொல்லி முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறார், மலிவு அரிசி இந்த மக்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டது, இதுதான் அவர் ஆங்கிலத்தில் சொன்னது, மொழிபெயர்க்க நின்ற அபுல் ஹஸன் மாஸ்டர் தொப்பியைச் சரி செய்துகொண்டார், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார், "உங்கள் உழைப்பின் மீது அரசாங்கம் பெரும் நம்பிக்கை வைத்திருக்கிறது என்று துரை அவர்கள் சொல்கிறார்கள்" என்றார். கூப்பனுக்குக் கொடுக்கும் அரிசி ஒரு கொத்து இருபத்தைந்து சதத்திலிருந்து எழுபது சதத்துக்குப் போய் மூன்று கிழமை, ஏன் போனது என்று விளக்கத்தான் இந்தப் பாராளுமன்றக் காரியதரிசி கொழும்பிலிருந்து கார் ஏறி வந்திருக்கிறார், சிக்கனத்தை விளக்க வந்தவருக்குக் கல்முனைச் சந்தியிலிருந்து பள்ளிக்கூட முற்றம் வரை ஐந்து வரவேற்பு வளைவு, இரண்டு கிடாய், ஒரு பறைமேளக் கோஷ்டி, அமர்வதற்கு ஒரு சோபா, அது கிராமச் சங்கத் தலைவர் றவூப் ஹாஜியார் மகளுக்குச் சீதனமாகச் செய்வித்தது, கலியாணம் நடக்கவில்லை, மாப்பிள்ளை இன்னும் உட்காரவில்லை, அதற்குள் அரசாங்கம் உட்கார்ந்துவிட்டது.

துரை அடுத்த வசனத்துக்குத் தொண்டையைச் செருமுகிறார், செருமட்டும், அவ்வளவு நேரம் மூச்சு விடலாம்… இன்றைக்கு மட்டும் நாக்கு தடுமாறக் கூடாது, இன்றைக்கு மட்டும். எங்கே தொடங்கியது இது, பணிஸில் தொடங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மத்தியானம் கொடுக்கும் பணிஸ் ரொட்டி இனி இல்லை என்று சுற்றறிக்கை வந்தபோது அதையும் மாஸ்டர்தான் மொழிபெயர்த்தார், இனி நீங்கள் உம்மாவின் கையால் சமைத்த சோற்றை வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று, பிள்ளைகள் சந்தோஷத்தில் கைதட்டினார்கள், மறுநாள் மத்தியானம்தான் அவர்களுக்கு விளங்கியது, அடுத்த கிழமை வகுப்பில் பாதி வாங்குப் பலகை காலி. வரவு குறைந்தது, வரவு குறைந்த பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியர் மிகுதி என்று கல்விக் கந்தோரில் கண்டுபிடித்தார்கள், அந்த மிகுதி யார் என்று பார்த்தால் இவர்தான், முதலாந்தேதி இறக்காமத்தில் காட்டோரப் பள்ளிக்கூடத்தில் பொறுப்பேற்கும்படி கட்டளை. மனைவி சபூறாவிடம் சொன்னபோது அவள் மீன் அரிவதை நிறுத்தவில்லை. "நான் என்ட ஊட்ட உட்டுப் போட்டு வாறதா? போங்க, யான வந்தா அதுக்கும் பாய் போட்டுக் குடுங்க" என்றாள். சரிதானே, வீடு அவளுடைய வாப்பா அவளுக்குக் கட்டிக் கொடுத்தது, இந்தக் கரையில் எந்தப் பெண் வீட்டை விட்டு மாப்பிள்ளையின் பின்னால் போனாள், மாப்பிள்ளைதான் வருவான், வந்தவன் எழும்பிப் போனால் பிறகு அவன் யார், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்குகிற விருந்தாளி. றவூப் ஹாஜியார்தான் வழி சொன்னார், துரையின் பேச்சை வடிவாகத் தமிழில் போட்டுக் கொடுங்கள், துரையின் மனம் குளிர்ந்தால் அந்த இடமாற்றத்தை நான் அவர் காதில் போட்டு நிறுத்துகிறேன் என்று. சிக்கனம் தின்ற மனிதன் சிக்கனத்தைப் புகழ்ந்து உயிர் பிழைக்க வேண்டும்…

"கடன் வாங்கிச் சாப்பிடுகிற குடும்பம் ஒருநாள் நடுத்தெருவுக்கு வரும், நாடும் அப்படித்தான்" என்கிறார் துரை, இது பரவாயில்லை, இதை அப்படியே போடலாம், போட்டார். உண்மையிலேயே அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதுதான் பெரிய தொந்தரவு, அள்ளி அள்ளிக் கொடுக்க அரசாங்கம் எங்கே போகும், கொரியா யுத்தத்தில் ஏறின ரப்பர் விலை இறங்கிப் போனது, கடனை வாங்கிக்கொண்டே போனால் யார் கட்டுவது, சரி வாங்க வேண்டாம், குறைக்கட்டும், ஆனால் குறைக்கிற கத்தி ஏன் எப்போதும் பணிஸில் போய் விழுகிறது, வளைவில் விழக் கூடாதா, ஐந்தில் ஒரு வளைவை… அப்போதுதான் முன்வரிசையில் தறிக்கார ஜவுபர் எழும்பினான். சாறனை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, தாடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு, கூட்டத்துக்கு வரும்போதாவது அதைத் தட்டிவிட்டு வரக் கூடாதா இந்த மனிதன். "மாஸ்டர், கடன் எடுக்கப்படா எண்டு செல்றாரா தொரை? முதலாளிட்ட நூலக் கடனுக்கு எடுத்துத்தான் இந்த ஊர்ல ஒவ்வொரு தறியும் ஓடுது. கடன் இல்லாட்டி நான் என்னத்தப் போட்டு நெய்யிற, என்ட தாடியையா?" முற்றம் முழுக்கச் சிரிப்பு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்களும் சிரித்தார்கள். துரை மாஸ்டரின் பக்கம் சாய்ந்தார், என்ன சொல்கிறான் அவன் என்று கேட்டார். அந்த இடைவெளி எவ்வளவு நீளம், ஒரு மூச்சா, இரண்டா, அதற்குள் இறக்காமத்துக் காடு முழுக்க ஒருமுறை வந்து போனது… ஐயா, அரசாங்கத்தின் கொள்கையைத் தான் முழுமனதோடு ஆதரிப்பதாகச் சொல்கிறான், உழைத்துத்தான் சாப்பிட வேண்டுமாம். நாக்கு தடுமாறவே இல்லை, என்ன அழகான ஆங்கிலம்.

துரைக்கு முகமெல்லாம் பல். இந்த எளிய மனிதனுக்கு விளங்கியது கொழும்பில் எதிர்க்கட்சிக்காரருக்கு விளங்கவில்லை, மேடைக்குக் கூப்பிடுங்கள் அவனை! ஜவுபர் ஏறி வந்தான், பஞ்சுத் தூசியோடு கை கொடுத்தான், துரை அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, எத்தனை பிள்ளைகள் என்று கேள் இவனிடம் என்றார், மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை, திறக்கத்தான் போனார், அதற்கு முன்பே ஜவுபர் மற்றக் கையின் ஐந்து விரலை விரித்துக் காட்டிவிட்டு, மடக்கி, ஒரு விரலைக் காட்டினான். ஆறு. கேள்வியை இவனுக்கு யாரும் தமிழில் போடவில்லையே… யுத்தக் காலம், திருகோணமலை, வெள்ளைக்காரனின் நேவி முகாம், குசினியில் சமையற்காரனாக நாலு வருஷம், ஊரே அறிந்த கதை, பெருநாளுக்குத் தகர டின்னில் வெண்ணெய் கொண்டுவந்து தெருவெல்லாம் பங்கு வைத்தவன் இவன்தானே, எப்படி மறந்தது, மறக்கவில்லை, ஆங்கிலம் என்றால் கழுத்துப் பட்டியும் சப்பாத்தும் போட்டிருக்கும் என்று நினைத்துவிட்டது, அவ்வளவுதான். அப்படியானால் எல்லாம் கேட்டிருக்கிறான். சோம்பேறிகளையும் கேட்டிருக்கிறான், முழுமனதோடு ஆதரிப்பதையும் கேட்டிருக்கிறான். துரையோ ஒலிபெருக்கியை இவன் பக்கம் திருப்பி, இரண்டு வார்த்தை பேசட்டும் என்கிறார். ஜவுபர் மாஸ்டரைப் பார்த்தான். கோபமா அது, கோபம் என்றால் தெரியுமே, சந்தையில் முற்றிப்போன கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. "நான் கேட்ட கேள்விய மாஸ்டர் தொரைக்கு வடிவா விளங்கப்படுத்திட்டாரு. தொரைக்கும் சந்தோசம். எல்லாரும் நல்லாக் கையத் தட்டுங்க." தட்டினார்கள். தென்னோலைப் பந்தல் அதிரத் தட்டினார்கள், எவனோ விசில் வேறு அடித்தான், எழுபது சதத்துக்கு இப்படியொரு கைதட்டல் வேறெந்த ஊரிலும் கிடைத்திருக்காது, துரை எழும்பி நின்று தலை வணங்கினார்.

கார் ஐந்து வளைவுக்குள்ளாலும் திரும்பிப் போனது. "வேல முடிஞ்சி மாஸ்டர், தொரை ஒங்கட பேரக் கொப்பியில குறிச்சிக்கிட்டாரு, இனி ஒங்களுக்கு யானப் பயம் இல்ல" என்று றவூப் ஹாஜியார் முதுகில் தட்டிவிட்டு, சோபாவைச் சுவரில் உரசாமல் தூக்கச் சொல்லி நாலு பேரை ஏசிக்கொண்டு போனார். சந்தோஷம் வர வேண்டுமே, வந்துகொண்டிருக்கும், வழியில் எங்கேயாவது நிற்கும். கேட் வாசலில் ஜவுபர் நின்றான். "இடமாத்தம் நிண்டிட்டா மாஸ்டர்?" "ஓம்… ஒனக்கு ஆர் செல்லின?" "சபூறா ராத்தாதான். மூணு நாளா ஊடு ஊடா வந்தவ. தொரைக்கிட்ட ஆரும் ஒண்டும் கேக்கப்படா, கைய மட்டும் தட்டுங்க, என்ட மனிசன் காட்டுக்குப் போகப் போறாரு எண்டு ஒரே அழுக. நாங்களும் ஓம் எண்டம். எனக்குத்தான் வாய் நிக்கல்ல, பிழதான்." மூன்று நாளா… கறி ஆக்கிவிட்டு இந்தா வாறேன் என்று போனாளே அதுவா, தன்னுடைய தமிழுக்குத் தட்டினார்கள் என்றல்லவா ஒரு நொடி, ஒரே ஒரு நொடிதான், நெஞ்சு நிமிர்ந்தது. "பெரிய உதவி ஜவுபர்" என்றார். "அது கிடக்கட்டும் மாஸ்டர். வாற கிழம அரிசி விலைக்கு ஊர் சேந்து ஒரு பெட்டிசம் போடப் போறம், இதே தொரைக்கி. இங்கிலீசுல நீங்கதான் எழுதணும். நாங்க செல்றத அப்புடியே." அப்புடியே என்ற சொல்லை அவன் அழுத்தவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "எழுதிப்போட்டு எனக்கு ஒருக்கா வாசிச்சிக் காட்டுங்க." ஓம் என்றார் மாஸ்டர், வேறு என்ன சொல்வது, துரை இந்தக் கையெழுத்தை அறியமாட்டார், றவூப் ஹாஜியார் அறிவார், அறிந்தால் கொப்பியில் குறித்ததை அடிக்க எத்தனை நேரம், அறியாமல் எழுதலாமா, வேறு யாரையாவது கொண்டு, ஊரில் வேறு யார்… நடந்தார், தறிச் சத்தம் இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்தது, கூட்டத்தால் வீணான நேரத்தைப் பிடிக்கிறார்கள், முதல் வசனத்தையாவது இப்போதே மனதுக்குள் அமைத்து வைத்தால் பிறகு லேசு என்று தொடங்கினார், மேன்மை தங்கிய ஐயா, தங்கள் அரசாங்கத்தின் சிக்கனக் கொள்கையை மனமார வரவேற்கும் இவ்வூர் நெசவாளர்களாகிய நாங்கள்… நின்றார். இல்லை, இது இல்லை. தலையை உதறிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், மேன்மை தங்கிய ஐயா, தங்கள் அரசாங்கத்தின் சிக்கனக் கொள்கையை…