வேலிக்கு அந்தப் பக்கத்துக் கொடி

காலை ஆறு மணிக்குச் சின்னவள் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பியதும், பெரியவள் தையல் மெஷினை விட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். கொல்லையை இரண்டாகப் பிரித்த கம்பிவேலிக்குள் கையை விட்டு, ஓரகத்தியான சின்னவளின் கொடியில் விரல் நீளம் வளர்ந்திருந்த வெள்ளரிப் பிஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். கிள்ளியதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் திணித்தாள். பத்து நாளாக இதே வேலைதான்.

ஊறுகாய் போடும் குட்டை வெள்ளரி விதையை வாங்கி வந்ததே அவள்தான். பாதியைச் சின்னவளுக்குக் கொடுத்ததும் அவள்தான். ஒரே நாளில் இருவரும் ஊன்றினார்கள். சின்னவள் கொடி முந்திப் பூத்துவிட்டது. அதைக்கூடப் பொறுத்திருப்பாள். ஆனால் பதினோரு வருஷமாக அந்த வீட்டில் வெள்ளரி ஊறுகாய் என்றால் பெரியவள் கைதான். விருந்தாளி வந்தால் அந்த ஜாடி மேஜைக்கு வரும், அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தையும் வரும். வேறு எதற்கும் அந்த வீட்டில் அவளை யாரும் பாராட்டியதில்லை. இந்த வருஷம் மாமியார் அந்தக் கொடியைப் பார்த்துவிட்டு, சின்னவளே ஊறுகாய் போடட்டும் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து பெரியவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு சட்டைக்கு வலது கையை இடப்பக்கம் வைத்துத் தைத்து, வாடிக்கைக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பிறகு ஜுரம் வந்து நாலு நாள் படுத்தாள். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சின்னவள் கூடை நிறையப் பிஞ்சு வெள்ளரியோடு வந்து, ஊறுகாயை அக்காவே போட வேண்டும், தனக்கு உப்பு அளவுகூடத் தெரியாது, அத்தையிடமும் சொல்லியாயிற்று என்றாள்.

"நீங்க தினம் பறிச்சு விட்டதாலதான்க்கா இப்படிக் காய்க்குது. பறிக்காம விட்டா முத்திப்போயி கொடி ஓஞ்சிடுமாம். எனக்கு டூட்டிக்கு ஓடவே நேரம் சரியா இருக்கு. ஒருநாள் கொல்லைக் கேட்டுப் பக்கத்துல நின்னு பார்த்தேன், ஊறுகாய்க்குச் சேர்க்கறீங்கன்னு நினைச்சேன்."

பெரியவள் தன் கொடியிடம் போய் இலைகளை விலக்கினாள். உள்ளே ஏழெட்டுக் காய்கள் மஞ்சளாகப் பெருத்து, விதை முற்றிக் கிடந்தன. நுனியில் புதிதாக ஒரு பூகூட இல்லை. இத்தனை நாளில் அவள் அந்த இலைகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"சேர்க்கலம்மா. உன் கொடி ஒழியணும்னுதான் பறிச்சேன். எல்லாம் குப்பைக்குப் போச்சு."

சின்னவள் முகம் சுருங்கியது.

"கேட்டிருந்தா கொடியையே குடுத்திருப்பேனேக்கா."

உள்ளே மாமியார் இருந்தார். இதைக் கேட்டால் பதினோரு வருஷப் பெயர் போய்விடும் என்று பெரியவளுக்குத் தெரியும். இருந்தும் குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னாள்:

"உன் கொடியையே பார்த்துப் பார்த்து என் கொடிய விட்டுட்டேன். பொறாமைப்பட்டா அடுத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல, கெட்டுப்போறது நம்மளுதுதான்."