கோட்டுக்கு வந்த கார்க்கு

"செத்துப்போன பயில்வானும் உசிரோட இருக்க பயில்வானும் சண்டை போட்டா யாருப்பா ஜெயிப்பா?"

ஞானரத்தினம் இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. அப்பா ஏசுவடியான் ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ராஜபாளையம் மில்லில் விரல் நசுங்கி வந்திருந்த சமுத்திரத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, வலி தெரியாமலிருக்கக் குத்துச்சண்டைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"நல்ல கேள்வில்லா! போட்டுப் பாத்துருவமா அண்ணாச்சி?" என்றார் சமுத்திரம்.

எட்டு வருஷமாகியும் அந்தச் சண்டை முடியவில்லை. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் வீட்டு முக்காலியில் சாக்பீஸ் கோடு விழும். அப்பாவின் மருந்துப் புட்டிக் கார்க்கு, நூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன கொல்லன் டாம். சமுத்திரத்தின் நூல் சுற்றும் மரப் பாபின், உசிரோடிருக்கும் இந்தக் காலத்து ஜிம். கையுறை கிடையாது. ஒருவர் குத்தைச் சொன்னால் மற்றவர் தடுப்பைச் சொல்லவேண்டும். சொல்ல முடியாவிட்டால் அவர் ஆள் விழுவான். முப்பது எண்ணுவதற்குள் பதில் சொல்லி அவனைக் கோட்டில் நிறுத்தவேண்டும், இல்லையென்றால் தோல்வி. பட்டாளத்தில் இருந்தபோது ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயிடம் அப்பா கேட்டுவந்த பழைய சட்டம்.

"விழுந்தவன் எந்திரிக்க நேரம் குடுக்கான் பாத்தியா, அதுல கர்த்தர் இருக்காருட்டி" என்பார் அவளிடம்.

மூன்று வருஷத்துக்கு முன் சமுத்திரத்தின் மனைவி மாரியாத்தாள் இறந்தாள். அடுத்த ஞாயிறும் அவர் வந்தார், ஆனால் பேசவில்லை. பாபின் விழுந்து கிடந்தது. அப்பா எண்ணினார். இருபத்தொன்பதில் பெரிதாகத் தும்மினார். "கணக்கு தப்பிட்டு. அடுத்த வாரம் மொதல்லருந்து." எட்டு ஞாயிறு அப்படித் தும்மினார். ஒன்பதாவது ஞாயிறு சமுத்திரம் வாய் திறந்தார்: "எங்க ஜிம் எந்திரிச்சுட்டான், அண்ணாச்சி."

இப்போது, படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவின் தலையை ஞானரத்தினம் தூக்கிப் பிடித்திருக்க, அம்மா அமிர்தவல்லி கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்த சமுத்திரம் தலையில் பஞ்சுத் தூசியோடு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒங்க டாம் வெறுங் கார்க்கு அண்ணாச்சி. ஊதினா விழுந்துருவான்."

"ஊதித்தான் பாரேம்லே."

"ஜிம் எடது கையால விலாவுல ஒண்ணு விடுதான்."

அப்பாவின் உதடு அசைந்தது. பதில் வரவில்லை. சமுத்திரம் தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோலக் கார்க்கைச் சாய்த்தார்.

"எண்ணுலே" என்றார் அப்பா.

"அடுத்த வாரம் எண்ணுதேன்."

"சட்டம்னா சட்டம்."

"உசிரு போற நேரத்துலயும் சண்டையா? ரெண்டு பேருக்கும் வெக்கமே கெடையாது" என்றாள் அம்மா. அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சமுத்திரம் எண்ணத் தொடங்கினார். பதினாலு என்றபோது அப்பாவின் முகத்தில் சிரிப்பு மட்டும் இருந்தது. மூச்சு இல்லை. சமுத்திரம் அதற்கு மேல் எண்ணவில்லை.

மறுநாள் அடக்கத்துக்குக் கூட்டம் தெருமுனை வரை நின்றது. கசப்பு மருந்து கொடுத்துவிட்டுத் தானும் முகத்தைச் சுளித்துக் காட்டும் கம்பவுண்டரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லிச் சிரித்தார்கள். கடைசி ஆட்டத்தின் கதையைக் கேட்ட ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சோலைராஜ், "அப்போ சட்டப்படி மில்லுக்காரர்தான் ஜெயிச்சிருக்காரு!" என்றார்.

ஞானரத்தினமும் சிரித்தாள். ஆனால் அப்பா தோற்றுத்தான் போனாரா? சமுத்திரத்தின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க மாமா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு தாயி" என்று எழுந்து போனார். முக்காலியில் கார்க்கும் இல்லை, பாபினும் இல்லை.

விடிந்ததும் அவள் பூ எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். யாரும் இல்லை. அப்பாவின் குழிமேட்டுப் புது மண்ணில் விரலால் இழுத்த கோடு ஒன்று இருந்தது. கோட்டின்மேல் கார்க்கு நின்றது. ஒரு சாண் தள்ளிப் பாபின் படுத்துக் கிடந்தது. அதன் அருகே விரல்நுனிக் குழிகள் வரிசையாக இருந்தன. குனிந்து எண்ணினாள். முப்பது.

மலைப் பக்கமிருந்து காற்று வீசியது. அவள் கையிலிருந்த பூக்கள் சில பறந்துபோயின. கார்க்கு அசையவில்லை. அதன் கால்பாகம் மண்ணுக்குள் அழுத்தி வைக்கப்பட்டிருந்தது.