குட்டிக்காக வைத்த ஃப்ளெக்ஸ்

வாலிநோக்கம் விலக்கில் உப்பு லாரி ஏறி நாய்க்குட்டியின் பின்னங்கால் நொறுங்கியபோது, அதைத் துண்டில் சுருட்டி பைக்கில் ராமநாதபுரம் கொண்டுபோனவர் உரக்கடை வீரமணிதான். இதை அவரே எல்லோரிடமும் சொன்னார். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அங்கே நின்ற ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்காமல் இருந்திருந்தால், அவரும் உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருப்பார்.

கால்நடை டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கம்பி வைக்க வேண்டும். ஒன்பதாயிரம் ஆகும். வெள்ளிக்கிழமைக்குள் செய்யாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும்.

ஒன்பதாயிரம் வீரமணியிடம் இருந்தது. அதற்கு மேலும் இருந்தது. ஆனால் தன் காசைக் கொடுத்தால் டாக்டருக்கு மட்டும்தான் தெரியும். ஊர் கூடிக் காப்பாற்றினால், முன்னால் நின்றவர் யார் என்று ஊருக்கே தெரியும். குட்டியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, அன்றைக்கே சாயல்குடிக்குப் போய் ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தார்.

புதன்கிழமை விடியும்போது அது பஸ் ஸ்டாப்பில் நின்றது. எட்டடிக்கு ஆறடி. நடுவில் வீரமணி, கும்பிட்ட கையோடு. குட்டி ஒரு மூலையில், தபால்தலை மாதிரி. ‘அவசர அறுவை சிகிச்சைக்கு உதவுவீர்’ என்பது சிவப்பில் பெரிதாக. யாருக்கு அறுவை சிகிச்சை என்ற வரி பொடி எழுத்தில் அடியில் கிடந்தது.

பத்து மணிக்கு டீக்கடை ரிஃபாய் வீட்டுக்கு வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில்.

“என்ன மாமா, நேத்துக்கூட நல்லாத்தான இருந்தீக? எந்த எடத்துல ஆபரேசன்?”

வீரமணி வாயைத் திறப்பதற்குள் உள்ளங்கையில் ஐநூறு ரூபாய் திணிக்கப்பட்டது.

“ஒண்ணும் பேசாதீக. படுங்க.”

படுத்துக்கொண்டார். அடுத்து வந்தவர்களுக்கு, அவர்கள் கேட்காமலே இருமிக் காட்டினார். குட்டிக்குக் கால் முறிந்ததற்குத் தனக்கு இருமல் எதற்கு என்று தோன்றியது. இருமி முடித்த பிறகுதான் தோன்றியது. மத்தியானத்துக்குள் ஆறாயிரத்து முந்நூறு சேர்ந்தது, ஆப்பிள் தனி. தான் செத்தால் ஊர் இவ்வளவு வருத்தப்படும் என்று அவர் நினைத்ததே இல்லை. அதை நினைத்து அவருக்கே கண் கலங்கியது.

மனைவி மகேஸ்வரி ஆப்பிளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். “எத்தன நாளைக்கு இருமுறதா உத்தேசம்?”

“குட்டிக்கு ஆபரேசன் முடியுற வரைக்கும்.”

சாயங்காலம் இருளம்மாள் வந்தாள். உப்பளத்திலிருந்து நேரே வந்திருந்தாள். காலில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது. ஃப்ளெக்ஸில் அவர் படம் இருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு நூறு ரூபாய்.

“இன்னைக்குச் சம்பளத்துல பாதி. நாளைக்கு வேல இருந்தா இன்னும் கொண்டாறேன். வகுறாய்யா, நெஞ்சா?”

வீரமணி இரும முயன்றார். வரவில்லை.

“எனக்கு ஒண்ணுமில்லத்தா. நாய்க்குட்டிக்குத்தான் ஆபரேசன். லாரி ஏறிருச்சு.”

அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“நாய்க்குக் கால் போனா நீ எதுக்குப் படுத்துக் கெடக்க?”

வீரமணி எழுந்து உட்கார்ந்தார். இருளம்மாள் நோட்டுகளைத் திரும்ப முடிந்துகொண்டாள்.

“ஒனக்குன்னா கடன வாங்கியாச்சும் தருவேன். நாய்க்கு நீ குடு. ஒங்கிட்ட இல்லாத காசா?” எழுந்தவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “வார வழியெல்லாம் ஈரக்கொல நடுங்கிப்போச்சு.”

அவள் போனதும் வீரமணி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்காமல் வாங்கிக்கொண்டார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. பக்கத்துத் தெரு செல்லச்சாமி நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினார்.

“ஆப்பிள்?”

“ரெண்டு தின்னுட்டேன்.”

“மிச்சத்தக் குடுத்துவிடு.”

ரிஃபாய் மட்டும் கையை நீட்டவில்லை. “நாய்க்குன்னே இருக்கட்டும் மாமா. பாட்டிலத் தாங்க, அது கடைச் சரக்கு.”

ஆக, ஊர் கூடிச் சேர்த்தது ஐநூறு.

வியாழக்கிழமை காலையில் ஏடிஎம்மில் மீதியை எடுத்தார். ஆஸ்பத்திரியில் குட்டி மகேஸ்வரியின் மடியில் முனகிக்கொண்டு கிடந்தது. கவுண்டரில் இருந்த பெண் பணத்தை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

“தெரு நாயா, வீட்டு நாயா?”

வீரமணி மகேஸ்வரியைப் பார்த்தார். அவள் குட்டியைத் துண்டால் இழுத்து மூடினாள்.

“வீட்டு நாய்.”

“ஓனர் பேரு?”

“வீரமணி.”

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார்.”