மார்ச் இரண்டாம் தேதி

அந்தக் காலையில் அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் அண்ணன். அவன் கால்மாட்டில் நாற்காலி போட்டு அண்ணி. உள்ளே வரலாமா வேண்டாமா என்று நிலைப்படியில் நின்ற பகல்நேர நர்ஸ். மேசைக்கு முன்னால், இரவு வேலை முடிந்து முகம்கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்த தம்பி. அப்புறம், மேசைமேல் ஊமையாகிப்போன ஒரு கம்ப்யூட்டர். அதையும் ஆள் கணக்கில் சேர்க்க வேண்டும். நான்கு வருடமாக அண்ணனின் வாய் அதுதான்.

தம்பி மூன்றாவது முறையாக 'நிறுவு' என்ற பொத்தானை அழுத்தினான். பச்சைக் கோடு பாதிவரை ஓடி நின்றது. குரல் தொகுப்பை நிறுவ முடியவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை.

"என்னப்பா ஆச்சு?" என்றாள் அண்ணி.

"பாதியில நிக்குது அண்ணி."

"நேத்து சாயங்காலத்துலேந்து அப்படித்தான் நிக்குதாம்."

"நான் ஒண்ணுமே தொடலக்கா," என்றாள் நர்ஸ். "அய்யா தூங்கிட்டிருந்தாரு. கொஞ்ச நேரம் சீரியல் பாக்கலாம்னு என் போன்லேந்து நெட்டு மட்டும் குடுத்தேன். அதுவா என்னமோ கேட்டுச்சு. சரின்னு அழுத்தினேன்."

"சரின்னு அழுத்தறதுக்குப் பேரு என்னம்மா?" என்றான் தம்பி. "அதுதான் தொடறது."

நடந்தது தம்பிக்குப் புரிந்துவிட்டது. நெட் கிடைத்ததும் மென்பொருள் தன்னைப் புதுப்பிக்கக் கிளம்பியிருக்கிறது. பழைய குரலை அழித்திருக்கிறது. புதியதைக் கொண்டுவர முடியாமல் நடுவழியில் நின்றுவிட்டது.

அண்ணன் இருபத்தாறு வருடம் டவுன் பஸ் ஓட்டியவன். தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே அண்ணிக்குக் கண் போயிருந்தது. தையல்காரி. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று ஆரம்பித்தது, கடைசியில் வெளிச்சமும் இருட்டும் ஒன்றாகிவிட்டது. எழுதிக் காட்டினால் பார்க்க முடியாதவளும், கூப்பிட்டால் பதில் சொல்ல முடியாதவனும் ஒரே வீட்டில். அப்போதுதான் தம்பி இந்த மென்பொருளைப் போட்டுக்கொடுத்தான். அண்ணன் தட்டுவதை அது வாய்விட்டுப் படிக்கும். கனத்த ஆண்குரல், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துத் தீர்ப்பு சொல்வதுபோல. காப்பியில் சர்க்கரை போதவில்லை என்பதைக்கூடத் தூக்குத்தண்டனை மாதிரி சொல்லும். அண்ணி அதற்கு ஜட்ஜய்யா என்று பெயர் வைத்தாள். விசைப்பலகையின் ஓரத்தில் ஒரு விசைமேல் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பசைபோட்டு ஒட்டியிருந்தான் அண்ணன். அவள் தடவிப் பார்த்து அதை அழுத்தினால், கடைசியாகச் சொன்னதை ஜட்ஜய்யா மறுபடி சொல்வார்.

மருத்துவமனை கைவிட்டு அனுப்பி ஆறு நாள் ஆகிறது. இன்றோ நாளையோ என்று முந்தைய நாள் டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். பேனா பிடிக்க அண்ணனின் விரல்கள் கூடவில்லை. வலதுகை ஆட்காட்டி விரல் ஒன்று மட்டும் அசைந்தது. விசைப்பலகையை எடுத்து அவன் வயிற்றின்மேல் வைத்தார்கள். நீண்ட நேரம் எடுத்துக்கொண்டு தட்டினான். திரையில் வந்தது: அவகிட்ட பேசணும்.

"நீ அடிண்ணே. நான் படிச்சுச் சொல்றேன்," என்றான் தம்பி.

அண்ணன் அவனைப் பார்த்தான். பிறகு விரல் நகர்ந்தது. நீ படிக்கறதுக்கு இல்ல.

"என்ன சொல்றாரு?" என்றாள் அண்ணி.

"என்னைத் திட்டறான்."

"திட்டட்டும். நாலு வருஷத்துல நாலு தடவைகூட வந்து பாக்கல நீ."

தம்பி திரும்பி உட்கார்ந்தான். பொறியியல் மூன்றாம் வருடத்தோடு படிப்பை விட்டவன். முகம் தெரியாதவர்களின் கம்ப்யூட்டர்களுக்கு இரவெல்லாம் தொலைபேசியில் வைத்தியம் சொல்வது அவன் வேலை. பாதி நோய்க்கு ஒரே மருந்துதான். அணைத்துவிட்டுப் போடுங்கள். இங்கே அணைத்துப் போட்டாயிற்று. வட்டில் இடம் இருக்கிறதா பார்த்தான். இருந்தது. வைரஸ் காவலனை நிறுத்திப் பார்த்தான். நிர்வாகி உரிமையோடு ஓட்டிப் பார்த்தான். பச்சைக் கோடு அதே இடத்தில் நின்றது. பின்னால் அண்ணனின் தொண்டைத் துளை வழியாக மூச்சு போய் வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில் கொஞ்சம் அதிக நேரம் ஆகிற மாதிரி இருந்தது. அவன் எண்ணவில்லை.

நிறுவலின் பதிவேட்டைத் திறந்து வரிவரியாக இறங்கினான். கடைசிக்கு முந்தைய வரியில் இருந்தது. சர்வரின் சான்றிதழ் இன்னும் அமலுக்கு வரவில்லை.

சர்வர் தன்னை அடையாளம் காட்ட நீட்டும் சான்றிதழ் அது. காலாவதியானவற்றை அவன் தினம் பார்க்கிறான். இன்னும் அமலுக்கு வராத சான்றிதழைப் பார்த்ததில்லை. திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தான். மணி எட்டு நாற்பது. சரியாகத்தான் இருந்தது. கீழே தேதி, மார்ச் இருபத்து மூன்று. வருடம், நான்கு வருடம் பழையது.

வெளியே பிப்ரவரி.

உள்ளே கடிகாரத்தை ஓட்டும் செல் செத்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தான். செல் செத்திருந்தால் மணியும் தப்பாக இருக்கும். மணி நிமிடம் பிசகாமல் இருந்தது. யாரோ தேதியை மட்டும் கையால் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இதே நாற்காலியில் உட்கார்ந்து அவன் சொன்னது. "முப்பது நாள் ஓசிண்ணே. அதுக்குள்ள வந்து முழுசா போட்டுக் குடுத்துடறேன்." அன்று மார்ச் இரண்டாம் தேதி. அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அடுத்து வந்தது ஏழெட்டு மாதம் கழித்து. ஜட்ஜய்யா பேசிக்கொண்டிருந்தார். அது எப்படி இன்னும் பேசுகிறது என்று அவன் யோசிக்கக்கூட இல்லை. அண்ணனும் கேட்கவில்லை.

பேசியதையெல்லாம் மென்பொருள் தானாகவே கோப்பாகச் சேமிக்கும். முதல் சில சொற்கள்தான் கோப்பின் பெயர். அந்தக் கோப்புறையைத் திறந்தான். பதினோராயிரத்துச் சொச்சம் கோப்புகள். தேதிவாரியாக அடுக்கினான். எல்லாம் மார்ச் இரண்டுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில். ஒரே மாதம். மழை வருது துணி எடு. இன்னிக்கு நீ ஜெயிச்ச. ஜன்னல சாத்து. கொசு. நான் கோவமா இல்ல. உருட்டிக்கொண்டே மேலே போனான். மார்ச் இரண்டாம் தேதிக் கோப்புகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. வந்துட்டேன். வந்துட்டேன். வந்துட்டேன். எண்ணினான். நாற்பத்தெட்டு.

"அண்ணி, மாசத்துக்கு ஒரு தடவை இது கொஞ்ச நேரம் பேசாம இருக்குமா?"

"ஆமா. பத்து நிமிஷம். என்னாச்சுன்னு கத்துவேன். அப்புறம் வந்துட்டேன்னு சொல்லுவாரு. எங்க போனீங்கன்னு கேட்டா, வண்டியத் திருப்பிட்டு வந்தேன்பாரு." அவள் போர்வைக்கு மேல் அண்ணனின் பாதத்தைப் பிடித்திருந்தாள். "ஏன் கேக்கற?"

தம்பி கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். பஸ் ஓட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாத மனிதன். ரிமோட்டில் சேனல் மாற்ற அண்ணியைக் கூப்பிடுவான். தேதியைப் பின்னால் தள்ளினால் ஓசிக் காலம் முடியாது என்று அவன் யாரிடமும் கேட்காமல் கண்டுபிடித்து, நெட்டைப் பிடுங்கிவிட்டு, நான்கு வருடத்தை ஒரு மாதத்துக்குள் ஓட்டியிருக்கிறான். டாக்டர்கள் முதலில் கொடுத்த கெடு மூன்று மாதம். இந்தக் கம்ப்யூட்டரின் கணக்கில் அதில் ஒரு மாதம்கூட இன்னும் முடியவில்லை.

"சார், அய்யாவுக்கு மூச்சு ஒருமாதிரி இருக்கு," என்றாள் நர்ஸ்.

தேதியை இன்றைக்கு மாற்றினான். நர்ஸின் போனிலிருந்து நெட் எடுத்தான். 'நிறுவு'. பச்சைக் கோடு பாதியைத் தாண்டியது, முடிந்தது. திறந்தான். இலவசக் காலம் முடிந்துவிட்டது என்றது. வாங்க எங்கே என்று அழுத்தினான். இந்தப் பதிப்பு இப்போது விற்பனையில் இல்லை.

நெட்டைத் துண்டித்தான். நாள்காட்டியைப் பின்னால் தள்ளினான். பிப்ரவரி, ஜனவரி, ஒரு வருடம், இன்னொன்று. மார்ச் வந்ததும் இருபத்து மூன்றில் நிறுத்தினான். இன்னும் எட்டு நாள் இருக்கிறது. இவனுக்கு எட்டு நாளே அதிகம்.

கட்டிலிலிருந்து விசைப்பலகையில் ஒரு தட்டு கேட்டது. திரும்பினான். அண்ணன் கையைத் தூக்க முயன்றுகொண்டிருந்தான். ஆட்காட்டி விரல் எழுந்தது. கொஞ்சம் கழித்து, அசையாது என்று எல்லோரும் நினைத்த பக்கத்து விரலும் எழுந்தது.

இரண்டு.

"முழுசா முப்பதும் வேணுமாண்ணே உனக்கு?" என்றான் தம்பி.

அண்ணன் கண்ணை மூடித் திறந்தான். தம்பி தேதியை இரண்டில் வைத்தான். மென்பொருள் ஒன்றும் கேட்காமல் திறந்துகொண்டது. ஒரு விரல், ஒவ்வொரு எழுத்தாக. பிறகு அந்தக் கனத்த குரல், அறை அதிர, தீர்ப்பு சொன்னது.

"வந்துட்டேன்."

"வாங்க," என்றாள் அண்ணி, தலையைத் திருப்பாமல். "தம்பி, நர்ஸையும் கூட்டிட்டு வெளிய இரு."

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்கள் இருவரும். தண்ணீர்ச் சத்தத்தில் ஜட்ஜய்யாவின் சொற்கள் கரைந்தன. இடையில் ஒருமுறை அண்ணி சிரித்தது மட்டும் கேட்டது. முக்கால் மணி நேரம் கழித்து அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, "தூங்கறாரு" என்றாள். மதியம் இரண்டு பத்துக்கு மூச்சு நின்றது. நர்ஸ் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். மேசைமேல் திரை எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

டிப்போவிலிருந்து சீருடையோடு வந்தார்கள், உறவுக்காரர்கள் வந்தார்கள், மறுநாள் எடுத்தார்கள். நான்காம் நாள் காலை எல்லோரும் போனபிறகு தம்பி பையைத் தோளில் மாட்டினான்.

"அண்ணி, என்கூட வந்து இருங்களேன் கொஞ்ச நாள்."

"நீ பகல்ல தூங்கறவன். நான் அங்க வந்து யாருகிட்ட சண்ட போடறது?" அவள் வாசல்வரை அவன் பின்னால் வந்தாள். "அதுல இன்னிக்கு என்ன தேதி?"

"அஞ்சு."

"மார்ச் அஞ்சா?"

அவன் அவளைப் பார்த்தான். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை.

"முப்பத்தொண்ணுக்குள்ள வந்து வண்டியத் திருப்பிடு," என்றாள். "இல்லன்னா நான் பொத்தான அழுத்தினாலும் பேச மாட்டாரு."

"வரேன் அண்ணி."

"போன தடவையும் இதத்தான் சொன்ன."

அவன் போனை எடுத்து, முப்பத்தொன்று வரைக்கும் விரல்விட்டு எண்ணி, வெளியுலகத்தில் அது எந்த நாள் என்று பார்த்துக் குறித்தான். அந்த நாளில் அவனுக்கு இரவு வேலை இருந்தது. விடுப்பு என்று எழுதினான். குறித்துக்கொண்டதை அவளிடம் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினான். ஒரு படி, இரண்டு படி. கதவு இன்னும் திறந்தே இருந்தது. அவள் காதைச் சாய்த்து அவன் காலடியைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது. திருப்பத்தைத் தாண்டும்வரை வேகமாக இறங்கினான்.

மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சாவி இரண்டு சுற்றும் திரும்பியது.