ட்ரம்பெட்காரரும் மூன்று பந்துகளும்

கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. நெஞ்சைத் திறந்து தையல் போட்டுக்கொண்ட ஒரு மனிதரின் கதை சொல்லப் போகிறேன். முகத்தைச் சுளிக்காதீர்கள், சிரிக்கத்தான் கூப்பிட்டேன்.

அவர் பேண்ட் குழுவில் ட்ரம்பெட் வாசிக்கிறவர். கன்னத்தை உப்பினாரென்றால் அடுத்த தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். அப்பேர்ப்பட்டவருக்கு இதயத்தில் அடைப்பு. நெஞ்செலும்பைப் பிளந்து, அடைப்பைச் சரிசெய்து, கம்பியால் எலும்பைக் கட்டி, வார்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள்.

நர்ஸ் மூச்சுப் பயிற்சிக்கென்று ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்தாள். மூன்று அறை, அறைக்கொரு பந்து, பக்கத்தில் ஒரு குழாய். "ஐயா, இதுல வாயை வச்சு, மெதுவா…"

"ஊதுறதுக்கு எனக்கே பாடமாம்மா?" என்று அவளை அனுப்பிவிட்டார்.

ஊதினார். ஒரு பந்துகூட அசையவில்லை. கண் பிதுங்க ஊதினார். ஊஹூம். மனிதர் ஆடிப்போய்விட்டார். கருவியைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார். இருமல் வந்தாலோ தையல் பிரிந்துவிடும் என்று அதையும் விழுங்கினார்.

சளி உள்ளேயே தங்கியது. காய்ச்சல் ஏறியது. டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். "சளியை இருமி வெளியேத்தலைன்னா நிமோனியாதான். திரும்ப ஐசியூ, தொண்டைக்குள்ள குழாய்."

மனைவி கட்டிலருகே ஓடிவந்தாள். அவள் அண்ணன், அதே குழுவில் டிரம் அடிக்கிறவன், அவள் பின்னாலேயே வந்தான்.

"மச்சான், ட்ரம்பெட்டை நீயே எடுத்துக்கோ. எனக்கு மூச்சே போயிடுச்சு," என்று அழுதார் நம் ஆள். நிரூபிக்கக் கருவியை எடுத்து, புஸ்ஸென்று ஊதியும் காட்டினார்.

மனைவி உற்றுப் பார்த்தாள். "என்னங்க பண்றீங்க?"

"ஊதுறேன்டி."

"ஐயோ, ஊதக் கூடாதுங்க! பக்கத்துக் கட்டில்காரர் மாதிரி உறிஞ்சணும்!" கருவியைப் பிடுங்கி, குழாயை முந்தானையில் துடைத்து ஓர் இழுப்பு இழுத்தாள். டக், டக், டக்! மூன்று பந்தும் உச்சியில்.

அவர் வாய் பிளந்தார். மச்சான் சொன்னான்: "இனிமே பேண்டுல என் தங்கச்சி வாசிக்கட்டும். நீங்க வீட்ல சோத்தை வடிங்க!"

அவ்வளவுதான், பொங்கிவிட்டது சிரிப்பு. "ஐயோ, சிரிக்க வைக்காதடா! பிரிஞ்சிடும்டா!"

நர்ஸ் ஓடிவந்து ஒரு தலையணையை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "கெட்டியாக் கட்டிப் பிடிங்க! கம்பி ஒண்ணும் பிரியாது. சிரிங்க, நல்லா இருமுங்க!"

சிரித்தார், இருமினார், வலியில் கத்தினார், மறுபடி சிரித்தார். அடைத்துக் கிடந்த சளியெல்லாம் கிண்ணத்துக்கு வந்து சேர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரருக்கும் சிரிப்பு தொற்ற, அவரும் தலையணையைத் தேடினார். அதற்கடுத்த கட்டிலிலும் அதே கூத்து. நெஞ்சு தைத்தவர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு தலையணையைக் கட்டிக்கொண்டு குலுங்கிய அழகை என்ன சொல்ல!

பிறகு குழாயை உறிஞ்சினார். ஒரு பந்து, ஒன்றே ஒன்று, தள்ளாடித் தள்ளாடி மேலே ஏறியது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. காய்ச்சல் இறங்கியது. ஐசியூ என்ற பேச்சே பிறகு எழவில்லை.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு தாராளமாக ஓடட்டும், தங்கங்களே. அப்படி யாராவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், அது சிரிப்பு தாங்காமல் பிடித்ததாகவே இருக்கட்டும்.