சுவர் தடுத்த பெனால்டி

டெய்லரை அந்த வட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சுவர் என்றால்தான் தெரியும். கடைப் பலகையிலேயே ‘சுவர் டெய்லர்ஸ்’ என்றுதான் இருக்கும். புதிதாக வருகிறவர் வாய் தவறி, “இது என்ன பேருங்க?” என்று கேட்டால் தீர்ந்தது. பெனால்டி கதையை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் சட்டைக்கு அளவு கொடுக்க முடியும்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், உள்ளூர் கால்பந்து கிளப் வாங்கிய ஒரே கோப்பையின் இறுதி ஆட்டம். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று இவர்கள் முன்னால் இருக்கும்போது, கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி. கோல்கீப்பராக நின்ற டெய்லர் இடது பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டார். கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு இப்போதும் பாய்ந்து காட்டுவார். இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்கும் பக்கம் மட்டும் பாயமாட்டார்.

உள்ளதைச் சொன்னால், பதினேழு வருஷம் கோல்கீப்பராக நின்ற மனிதர் தடுத்ததாகச் சொல்லும் ஒரே பெனால்டி அதுதான். மற்றதெல்லாம் அவரைத் தாண்டிப் போனவை.

கிளப்புக்கு ஐம்பது வயது ஆனதும் அதன் வரலாற்றை எழுதும் வேலை இவர் தலையில் விழுந்தது. அளவு நோட்டில் அரை இஞ்சுகூடத் தப்பாதவர் வரலாற்றிலும் தப்பமாட்டார் என்று செயலாளர் நம்பினார். அன்றைக்கு அதே அணியில் இருந்த சலூன்காரர் முதல் ஆளாக ஓடிவந்து, அந்த வெற்றி கோலைத் தான் தலையால் முட்டி அடித்த விதத்தை மூன்று பக்கத்துக்குச் சொன்னார். டெய்லரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் கிளப் பீரோவின் அடித்தட்டில் கிளப் நடவடிக்கைகளைக் குறித்துவைத்த பழைய மினிட்ஸ் நோட்டு கிடைத்தது. இறுதி ஆட்டத் தேதிக்கு நேரே இரண்டே வரிதான். ‘எதிரணி வரவில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், நடுவர் கோப்பையை நம்மிடம் கொடுத்துவிட்டார்.’

டெய்லர் பீரோ மேலேயே சாய்ந்துகொண்டார். கண்ணை மூடினால் காலி மைதானம் தெரிந்தது. கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. ஜெயித்த கதையை ஆளாளுக்குக் கொஞ்சம் நீட்டியதில் பந்து எப்போது வந்தது, தான் எப்போது பாய்ந்தோம் என்பது மட்டும் பிடிபடவே இல்லை.

கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் நோட்டை நீட்டினார்.

“நடக்காத மேட்ச்ல சலூன்காரர் எப்படிங்க கோல் போட்டாரு?”

“அவனை விடு. என் பெனால்டி போச்சே!” என்றார். பாவம், அந்த ஒரு பாய்ச்சலை வைத்துத்தான் மனிதர் இத்தனை வருஷம் தலைநிமிர்ந்து நடந்தார்.

“பொய்யை எழுதினா உங்களுக்குத்தான் தூக்கம் வராது. பாத்துக்குங்க.”

உண்மையை எழுதுவது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டார். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, அப்போதைய எதிரணி கேப்டனைப் பார்க்கப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனார். கேப்டன் இப்போது ஹார்டுவேர் கடை வைத்திருந்தார்.

“அண்ணே, அந்த ஃபைனலுக்கு நீங்க ஏன் வரல?”

ஹார்டுவேர்க்காரர் நிறுத்துக்கொண்டிருந்த ஆணியை அப்படியே தராசில் விட்டார்.

“மெதுவாப் பேசுங்க. வேன் ரிப்பேர். வழியிலயே நின்னுட்டோம். அதைச் சொன்னா அசிங்கம்னு, ஆடித்தான் தோத்தோம்னு எங்க ஆளுங்ககிட்ட சொல்லிவெச்சிருக்கோம்.”

“எத்தனைக்கு எத்தனை?”

“ரெண்டுக்கு ஒண்ணு. அந்த ஒண்ணு நான் போட்டது. கடைசி நிமிஷம், பெனால்டி, இடது மூலை. உங்க கோல்கீப்பர் மரம் மாதிரி நின்னான்.”

“யோவ், அந்த கோல்கீப்பர் நான்தான்யா! மரமா? இடது பக்கம்தான்யா பாஞ்சேன். இந்தக் கையாலதான் தட்டினேன்!”

“தட்டினியா? வலையே கிழிஞ்சுதுய்யா!”

“அந்த கிரவுண்டுல ஏதுய்யா வலை?”

பூட்டு வாங்க வந்த ஒருவர்தான் இரண்டு பேரையும் பிரித்துவிட வேண்டியிருந்தது.

டெய்லர் மூச்சிரைக்கக் கடைக்குத் திரும்பினார். “அவன் கோல் போட்டானாம்! பச்சைப் பொய்!”

“மேட்ச்சே நடக்கலையேங்க?”

“நடக்கலதான். யாரு இல்லன்னா? ஆனா அவன் கோல் போடல!”

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அப்ப அதையே எழுதுங்களேன்.”

டெய்லர் வரலாறு எழுதும் நோட்டை எடுத்தார். பிறகு உட்கார்ந்து, சலூன்காரரின் மூன்று பக்கத்தையும் அடித்துவிட்டு, நிறுத்தி நிதானமாக ஒரே வரி எழுதினார். ‘நாம் கோப்பையை வென்ற அன்று, நம் கோல்கீப்பரைத் தாண்டி ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை.’

“இதுல எங்கயாவது பொய் இருக்கா, சொல்லு.”

மனைவி இரண்டு தடவை படித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.