ஓட்டையில்லாத பட்டன்கள்

தைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் விரலில் ஊசி ஏறியதும் பஞ்சோடு ஓடினேன். மூன்று மாதமாகப் பழகிப்போன ஓட்டம். நான் போய்ச் சேருவதற்குள் ரத்தம் நின்றுவிட்டது. விரலை ஒருமுறை வாயில் வைத்து எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் இவர் அடுத்த தையலுக்குப் போய்விட்டார். நான் பஞ்சோடு அங்கேயே நின்றேன்.

வேறு எவளாவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பாள். எங்கள் தையல்கடையில் இவர் ரத்தம் சட்டென்று நிற்பது நல்ல செய்தி இல்லை. மூன்று மாதம் முன்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெஷின் மேலேயே சாய்ந்தாரே, அன்றைக்கு ஒரு ஊசி போட்டுத்தான் உள்ளே உறைந்திருந்த கட்டியைக் கரைத்தார்கள். பிறகு இதயக் குழாய்க்குள் சின்னதாக ஒரு வலையை வைத்து அனுப்பினார்கள். "கரைக்கிற ஊசி தீயணைப்பு வண்டி மாதிரிம்மா. எல்லாத் தடவையும் நேரத்துக்கு வந்து சேராது. தீயே பிடிக்காம பாத்துக்கிறது இந்த ரெண்டு மாத்திரைதான்" என்றார் டாக்டரம்மா. வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று. ரத்தத்தில் இருக்கும் சின்னச் சின்னத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் அவை பார்த்துக்கொள்ளுமாம். ஒருநாள்கூட விடக்கூடாது, விட்டால் அந்த வலையிலேயே உறைந்து அடைத்துவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

குத்தினால் லேசில் நிற்காத, ஒட்டாத ரத்தத்தோடு ஒரு தையல்காரர் படும் பாடு அவருக்கு எங்கே தெரியும்? ஊசி குத்தாமலிருக்க விரலுக்கு அங்குஸ்தான் உறை மாட்டுங்கள் என்றால், கைக்குத் துணி தெரியாது என்பார் இவர். போன மாதம் ஒரு வெள்ளைச் சட்டையில் சொட்டுச் சொட்டாக விழுந்து, வாங்க வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். அன்று இவர் சாப்பிடக்கூட இல்லை. இப்போது இவர் மடியில் கிடந்தது தரையைத் தொடும் வெள்ளைக் கவுன்.

மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் காலியாகியிருந்தன. குப்பைக்கூடையைக் கிளறினேன், சட்டைப் பைகளைத் துழாவினேன். அறுந்த நூலைக்கூடச் சுருட்டி வைக்கிற ஆள், மாத்திரையை மட்டும் தூக்கிப் போடுவாரா? அப்போதுதான் பட்டன் டப்பா கண்ணில் பட்டது. கவிழ்த்தேன். பட்டன்களோடு வெள்ளையும் ரோஸுமாக உருண்டன.

"என்னங்க, இந்தப் பட்டனுக்கெல்லாம் ஓட்டையே காணோம். நூலை எது வழியா விடுவீங்க?"

தையலிலிருந்து இவர் தலை நிமிரவில்லை. "இந்த கவுன் முடியிற வரைக்கும்தான். குடுத்துட்டு மறுபடி போட்டுக்கலாம்னு... அந்த மருந்து லேசுல விடல தெரியுமா? நிறுத்தியும் நாலஞ்சு நாள் ரத்தம் வழிஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு."

"துணியில படக் கூடாதுன்னு பாத்தீங்க. உள்ள எங்க போய் உறையும்னு பாத்தீங்களா?" அழுகை பாதி, ஆத்திரம் பாதி. கையில் இருந்த பஞ்சை இவர் மேலேயே எறிந்தேன்.

"கத்தாத. நேத்துலேர்ந்து தோள் வேற குடைச்சலா இருக்கு. குனிஞ்சே உக்காந்திருந்தேன்ல, அதான்."

இதய அடைப்பு தோள் வலியாகவும் வருமே. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். புது அட்டைகளைப் பிரித்து, அவர் சொன்ன அளவை உடனே விழுங்க வைத்தேன். மெஷினைக்கூட மூடாமல் இவரை வண்டியில் ஏற்றினேன்.

"கவுனை மூடி வச்சியா? தூசி படியும்" என்றார் வழியில். அறையலாம்போல இருந்தது. இவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி எடுத்த ஈ.சி.ஜி. தாளோடு ஒருத்தர் டாக்டரிடம் காட்ட உள்ளே போனார். நர்ஸ் ரத்தம் எடுத்து, பஞ்சை வைத்து, "நிக்கிற வரைக்கும் அழுத்திப் பிடிங்கம்மா" என்றாள்.

"மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்சிருக்குமா சிஸ்டர்?"

"கொஞ்சம் நேரம் ஆகும்."

உள்ளே போனவர் இன்னும் வரவில்லை. பஞ்சைத் தூக்கிப் பார்த்தேன். நடுவில் கடுகளவு சிவப்பு, அவ்வளவுதான். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"நின்னுடுச்சா?" என்றார் இவர், கொஞ்சம் பெருமையாகவே.

நான் பஞ்சை அதே இடத்தில் வைத்தேன். அழுத்தாமல், ஒரு சொட்டாவது கசிகிறதா என்று மறுபடியும் தூக்கிப் பார்த்தேன்.